இரண்டு ரூபாயும் ஒரு முட்டையும்

கேரளத்தின் எரிபொருள் வரி பாறசாலை ஆசிரியர்களை எங்கே தொடுகிறது?

காலை எட்டு மணி. களியக்காவிளையில் தமிழகப் பக்கம் இருக்கும் பெட்ரோல் பங்கில் இருசக்கர வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. எண் பலகைகளை வைத்துப் பார்த்தால் இது எந்த மாநிலம் என்றே குழப்பம் வரும். கே.எல். 19 என்றால் பாறசாலை, கே.எல். 20 என்றால் நெய்யாற்றின்கரை. நடுவே ஒன்றிரண்டு மார்த்தாண்டம் டி.என். 75. ஸ்கூட்டர் கொக்கியில் சோற்றுப் பை தொங்குகிறது. காலடியில் திருத்தி முடித்த விடைத்தாள் கட்டு.

“ஃபுல்லா சாரே?”

இந்தக் கேள்விக்குத் தலையாட்டுபவர் பெரும்பாலும் பெண்ணாக இருப்பார். தென் திருவிதாங்கூரில் பாடம் சொல்லித்தருபவர் ஆணோ பெண்ணோ, ஊருக்கு அவர் ‘சார்’தான். டேங்க் நிறைகிறது, மூடி விழுகிறது, வண்டி வந்த வழியே திரும்புகிறது. அவருக்கு வேலை தமிழ்நாட்டில் இல்லை. இஞ்சிவிளையைத் தாண்டி, பாறசாலையைத் தாண்டி, எங்கோ ஓர் உள்கிராமத்துப் பள்ளியில் பத்து மணி அடிக்கும்போது அவர் வகுப்பில் நிற்க வேண்டும். பெட்ரோலுக்காக மட்டும் மாநிலம் மாறி வந்து போகிறார்.

லிட்டருக்கு ஐந்து ரூபாய்க்கு மேல் மிச்சம். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த வரிசை நீண்டது. அன்றுதான் கேரள அரசு பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 2 ரூபாய் ‘சமூகப் பாதுகாப்பு செஸ்’ வசூலிக்கத் தொடங்கியது.

கோடு எங்கே மிச்சமிருக்கிறது

வயதானவர்களுக்கு நினைவிருக்கும்: ஒரு காலத்தில் இந்தச் சாலையின் அடையாளமே அமரவிளை செக்போஸ்ட். காய்கறி லாரி, சிமெண்ட் லாரி, கோழி வண்டி எல்லாம் மணிக்கணக்கில் மூச்சிரைத்து நிற்கும். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சோதனைச் சாவடிகளின் வேலை முடிந்தது. சோப்புக்கும் சேலைக்கும் இப்போது இரு பக்கமும் ஒரே வரி.

பெட்ரோல், டீசல், மது மூன்றும் அந்த வலைக்குள் வரவில்லை. எரிபொருளையும் உள்ளே கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கை கேரள உயர் நீதிமன்றம் வரை போய், அதன் உத்தரவின் பேரில் 2021 செப்டம்பர் 17 அன்று லக்னோவில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சிலின் முன் வந்தது. மாநிலங்கள் வேண்டாம் என்றன. கேரளமும் எதிர்த்தது. தமிழ்நாடும் எதிர்த்தது. காரணம் எளிது. ஜி.எஸ்.டி.க்குப் பிறகு ஒரு மாநில அரசு தன் விருப்பப்படி ஏற்றி இறக்கக்கூடிய வரி என்று கையில் மிஞ்சியவை வெகு சில. பணமுடை வந்தால் கை அங்கேதான் போகும்.

இந்தியாவில் விற்பனை வரி பிறந்ததே பெட்ரோலில்தான். 1938இல் மத்திய மாகாணம் மோட்டார் எரிபொருளுக்கும் உயவு எண்ணெய்க்கும் முதலில் வரி போட்டது. அடுத்த ஆண்டு ராஜாஜி சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடுகட்ட அவருக்கு வேறு வழி தெரியவில்லை. கள்ளுக்கடையை மூட ஒரு வரி அன்று; முதியோர் ஓய்வூதியம் கொடுக்க ஒரு வரி இன்று. நோக்கத்தில் குறை சொல்ல இரண்டிலும் இடமில்லை. அது யார் தலையில், எந்த வழியாக இறங்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

> ஒரு லிட்டரில் எவ்வளவு?
>
> கேரளம்: பெட்ரோலுக்கு 30.08 சதவீத விற்பனை வரி, டீசலுக்கு 22.76 சதவீதம். இரண்டுக்கும் லிட்டருக்கு 1 ரூபாய் கூடுதல் விற்பனை வரி, 1 சதவீத செஸ். இவற்றின் மேல் 2023 ஏப்ரல் முதல் 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ்.
>
> தமிழ்நாடு: பெட்ரோலுக்கு 13 சதவீதமும் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும். டீசலுக்கு 11 சதவீதமும் 9 ரூபாய் 62 காசும். 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பெட்ரோல் வரியில் 3 ரூபாய் குறைத்த பிறகான கணக்கு இது.
>
> செஸ் அமலான நாளில் திருவனந்தபுரத்தில் ஒரு லிட்டர் பெட்ரோல் 109 ரூபாயைத் தாண்டியது. அப்போது சென்னை விலை 102 ரூபாய் 63 காசு.

முப்பது ரூபாய்க் கணக்கு

2023 பிப்ரவரி 3 அன்று கேரள நிதியமைச்சர் கே.என். பாலகோபால் இந்த செஸ்ஸை அறிவித்தபோது ஆண்டுக்கு 750 கோடி ரூபாய் கிடைக்கும் என்றார். அப்போது மாதம் 1,600 ரூபாய் சமூக ஓய்வூதியம் பெற்ற அறுபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக அந்தப் பணம். சட்டசபையில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சத்தியாகிரகம் இருந்தார்கள், தெருவில் போராட்டம் நடந்தது. செஸ் அப்படியே நீடித்தது.

இப்போது ஓர் ஆசிரியரின் ஸ்கூட்டரை எடுத்துக்கொள்வோம். போக வர நாளைக்கு 30 கிலோமீட்டர். மாதம் 22 வேலை நாள். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்றால் மாதத்துக்குச் சுமார் 15 லிட்டர் பெட்ரோல். செஸ் முப்பது ரூபாய். களியக்காவிளைக்கு வந்து போட்டால் மொத்தமாக எழுபத்தைந்து, எண்பது ரூபாய் மிச்சமாகலாம்.

நிரந்தரப் பணியில் இருக்கும் ஓர் ஆசிரியருக்கு மாதம் முப்பது ரூபாய் ஒரு சுமையா? இல்லை. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. அந்த வரிசையில் நிற்கும் பலரின் அம்மாவோ பக்கத்து வீட்டு மூதாட்டியோ அந்த ஓய்வூதியத்தை நம்பி மருந்து வாங்குபவர்கள். இரண்டு ரூபாயை மனதாரக் கொடுக்கக்கூடியவர்கள்தான் இவர்கள். தினக்கூலி ஆசிரியரின் நிலை வேறு. பள்ளி திறந்த நாளுக்கு மட்டுமே அவருக்குக் கூலி. ஓணம் விடுமுறையும் மழை விடுமுறையும் கழிந்த மாதத்தில் எண்பது ரூபாய் எண்ணிப் பார்க்க வேண்டிய தொகைதான்.

ஆனால் பங்க் வாசலில் நிற்கும் வரிசையைப் படம் பிடித்துப் போட்டுவிட்டு, ஆசிரியர் படும் பாடு இதுதான் என்று முடித்துவிட்டால் பாதிக் கதைகூட ஆகாது. இந்த வரி ஆசிரியரைத் தொடும் இடம் டேங்க் மூடி இல்லை. பள்ளி வேனும் சத்துணவு அடுப்பும்தான்.

வேன் யாருடையது?

கேரளத்தில் ஜூன் மாதம் பள்ளி திறந்தால் ஆசிரியர்கள் விரல் விட்டு எண்ணும் ஒரு நாள் உண்டு: ஆறாவது வேலை நாள். அன்று வருகைப் பதிவேட்டில் எத்தனை பிள்ளைகளோ, அதை வைத்துத்தான் அந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் பணியிடம் என்று நிர்ணயம் ஆகும். சில தலைகள் குறைந்தால் ஒரு டிவிஷன், அதாவது ஒரு வகுப்புப் பிரிவு, போகும். டிவிஷன் போனால் ஒரு பணியிடம் போகும். உதவி பெறும் பள்ளியில் கடைசியாகச் சேர்ந்தவர் வேலையை விட்டு இறங்க நேரும்.

எல்லையோரத்தில் இந்தப் பயம் இன்னும் பெரிது. பிள்ளையைச் சேர்க்கக் கேரளப் பக்கம் ஆங்கிலவழிப் பள்ளிகள் இருக்கின்றன, தமிழகப் பக்கம் குமரி மாவட்டத்துப் பள்ளிகளும் இருக்கின்றன. தனியார் பள்ளி வண்டி வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடிக்கிறது. அரசுப் பள்ளியும் உதவி பெறும் பள்ளியும் வண்டி விடாவிட்டால் பிள்ளை வராது. ஆகவே வண்டி ஓடுகிறது. டீசலையும் ஓட்டுநர் சம்பளத்தையும் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏழைப் பெற்றோரிடம் எவ்வளவு கேட்க முடியும்? மிச்சத்தை ஆசிரியர்கள் மாதாமாதம் பங்கு போட்டுக் கொடுப்பது கேரளம் முழுக்க எழுதப்படாத வழக்கமாகிவிட்டது.

நாளைக்கு 50 கிலோமீட்டர் ஓடும் சிறிய பேருந்து, லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கொடுத்தால், மாதம் 220 லிட்டர் டீசல் குடிக்கும். செஸ் மட்டும் 440 ரூபாய். மொத்த டீசல் செலவு இருபதாயிரத்தைத் தாண்டும். எல்லைக்கு வந்து தமிழ்நாட்டு டீசல் போட்டால் லிட்டருக்குச் சுமார் மூன்று ரூபாய் குறையும். ஆனால் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வண்டியைப் பள்ளி நேரத்தில் யார் களியக்காவிளை வரை ஓட்டி வருவது? உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களுக்கு அந்த வழியும் இல்லை.

தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வேனுக்குப் பணம் போடும் ஆசிரியர், அந்த வேனின் டீசலுக்கு அரசுக்கு வரியும் கட்டுகிறார். அரசுப் பள்ளிப் பிள்ளையை அரசுப் பள்ளிக்கே அழைத்து வருவதற்கான வரி இது. எப்படிப் பார்த்தாலும் இது நியாயமில்லை.

அடுப்படிக் கணக்கு

இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வருவது இதைத்தான்.

கேரளத்துத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரின் மேசையில் பாடப் புத்தகத்தைவிட அதிகம் புரளும் நோட்டு, மதிய உணவுக் கணக்கு நோட்டு. அரிசி, அரசு நிறுவனமான சப்ளைகோவின் மாவேலி ஸ்டோரில் இருந்து இலவசமாக வருகிறது. மற்றதெல்லாம் அவர் வாங்க வேண்டும்: காய், தேங்காய், பருப்பு, எண்ணெய், எரிவாயு சிலிண்டர், பால், முட்டை. கடைக்காரருக்கு அவர்தான் ஜவாப்தாரி. அரசுப் பணம் பின்னால் வரும். சில மாதம் பின்னால், சில நேரம் பல மாதம் பின்னால்.

150 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 8 ரூபாய் என்றிருந்தது. 500 பிள்ளைகள் வரை என்றால் 150க்கு மேற்பட்டவர்களுக்கு 7 ரூபாய், அதற்கும் மேலே 6 ரூபாய். இந்தத் தொகை 2016இல் நிர்ணயிக்கப்பட்டது. ஏழெட்டு ஆண்டுகள் அது அசையவில்லை. அதற்குள் மில்மா பால் விலை ஏறியது. 2022 டிசம்பர் 1 அன்று மட்டும் ஒரே மூச்சில் லிட்டருக்கு 6 ரூபாய் ஏறியது. சிலிண்டர் ஏறியது. டீசல் மேல் செஸ் ஏறியது. எட்டு ரூபாய் எட்டு ரூபாயாகவே இருந்தது.

> 100 பிள்ளைகள், ஒரு வாரம்
>
> வரவு: 8 ரூபாய் × 100 பிள்ளைகள் × 5 நாள் = 4,000 ரூபாய்.
>
> பால்: வாரம் இரண்டு முறை, தலைக்கு 150 மில்லி. மொத்தம் 30 லிட்டர். லிட்டர் 52 ரூபாய் என்றால் 1,560 ரூபாய்.
>
> முட்டை: வாரம் ஒன்று. ஒரு முட்டை 6 ரூபாய் என்று வைத்தால் 600 ரூபாய்.
>
> மீதி: 1,840 ரூபாய். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 3 ரூபாய் 68 காசு. சாம்பார், கூட்டு, எண்ணெய், எரிவாயு, வண்டிக்கூலி எல்லாம் இதற்குள்.

மூன்று ரூபாய் 68 காசு. பாறசாலைச் சந்தையில் அதற்கு ஒரு முருங்கைக்காய்கூட வராது.

கேரளத்தின் காய்கறிக் கூடையில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் இருந்து வருகிறது, முட்டை நாமக்கல்லில் இருந்து வருகிறது. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் அந்த லாரிகள் நுழையும் வாசல். லாரிக்காரர் எல்லைக்குத் தமிழகப் பக்கமே டேங்கை நிரப்பிக்கொண்டுதான் போவார். அவருக்கு செஸ் படாது. ஆனால் மொத்தச் சந்தையில் இருந்து ஊருக்குள் போகும் சரக்கு ஆட்டோ, பால் வேன், சிலிண்டர் வண்டி, மாவேலி ஸ்டோரில் இருந்து அரிசி மூட்டை ஏற்றி வரும் வாடகை ஆட்டோ எல்லாம் கேரள டீசலில் ஓடுகின்றன. கடைசி ஐந்து கிலோமீட்டரில்தான் வரி காய் மேல் ஏறுகிறது. இரண்டு ரூபாய் செஸ்தான் முட்டை விலையை உயர்த்தியது என்று நான் சொல்லவில்லை. விலை ஏற எத்தனையோ காரணம் உண்டு. அரசே கூட்டும் ஒரு செலவை, அரசே கொடுக்கும் உணவுப் பணத்தில் கூட்டவில்லை என்பதுதான் என் புகார். ஒரு கையால் விலையை ஏற்றியவர்கள் மறு கையால் அந்த எட்டு ரூபாயைத் தொடவே இல்லை.

இடைவெளியை யார் நிரப்பியது? தலைமையாசிரியர். தன் சம்பளத்தில் இருந்து, சொசைட்டிக் கடனில் இருந்து, நகையை வங்கியில் வைத்து. கடைக்காரர் வீடு தேடி வந்து நிற்பதற்குப் பயந்து தலைமையாசிரியர் பதவி உயர்வே வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. கேரள பிரதேச் பள்ளி ஆசிரியர் சங்கம் 2023இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அரசின் திட்டத்துக்குத் தலைமையாசிரியர்கள் ஏன் கைக்காசு போட வேண்டும் என்ற கேள்வியை நீதிமன்றமும் அரசிடம் கேட்டது. மத்திய அரசு தன் 60 சதவீதப் பங்கைத் தரவில்லை என்றது மாநிலம். மாநிலம் பழைய கணக்கைச் சரிசெய்யவில்லை என்றது மத்திய அரசு. இந்த வாக்குவாதம் நடந்த மாதங்களிலும் பிள்ளைகள் மதியம் சாப்பிட்டார்கள். அந்தச் சோற்றில் ஒரு பங்கு, ஆசிரியரின் சொந்தக் கடன்.

பிறகு தொகை மாறியது. 2025 மே முதல் மத்திய அரசின் நிர்ணயம் தொடக்க வகுப்புகளுக்கு 6 ரூபாய் 78 காசு, நடுநிலைக்கு 10 ரூபாய் 17 காசு. 2025இல் கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி அறிவித்த புதிய உணவுப் பட்டியலில் எலுமிச்சை சாதமும் காய்கறி பிரியாணியும் இடம்பெற்றன. பிள்ளைகளுக்கு இது வேண்டும். யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் தட்டில் 6 ரூபாய் 78 காசுக்குப் பிரியாணி வைத்துக் காட்ட வேண்டியவர், பட்டியல் எழுதியவர் அல்ல.

ஒரே வீட்டில் இரண்டு அகவிலைப்படி

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரையும் வர வேண்டும் என்பது திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸின் கோரிக்கை, அது நிறைவேறவில்லை. கோடு வீடுகளுக்கு நடுவே விழுந்தது. பெண் கொடுத்து எடுப்பது நிற்கவில்லை. ஆகவே கணவர் விளவங்கோட்டில் தமிழக அரசுப் பள்ளி, மனைவி பாறசாலையில் கேரள அரசுப் பள்ளி என்று இருக்கும் வீட்டில், மாதக் கடைசி எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தமிழகம் சில ஆண்டுகளாக மத்திய அரசு அகவிலைப்படியை உயர்த்திய கையோடு தானும் உயர்த்துகிறது. கேரளத்தில் 2021 ஜனவரியில் சேர வேண்டிய 2 சதவீதம், 2024 ஏப்ரல் சம்பளத்தில் வந்து சேர்ந்தது. இடைப்பட்ட 39 மாதத்து நிலுவை பற்றி ஆணையில் பேச்சில்லை. அதற்கு முன் அந்த ஆண்டு ஜனவரி 24 அன்று ஆசிரியர்களும் ஊழியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். மார்ச் மாதம் சம்பளமே சில நாள் தாமதமானது. கணக்கில் ஏறிய பணத்தையும் நாளைக்கு 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று கருவூலம் வரம்பு வைத்தது.

விலைவாசி ஏறும்போது ஈடு செய்யத்தான் அகவிலைப்படி. வரி ஏப்ரல் 1 அன்றே அமலுக்கு வந்துவிட்டது. ஈடு மூன்று ஆண்டு பிந்தி, அதுவும் ஒரு தவணைதான் வந்தது. இந்தக் கால இடைவெளிதான் கேரள ஆசிரியரின் உண்மையான வரி என்று நான் கருதுகிறேன். அதன் முன்னால் லிட்டருக்கு இரண்டு ரூபாய் ஒன்றுமே இல்லை.

எல்லைக்கு இப்பால் எல்லாம் தேன் என்றும் எண்ண வேண்டாம். 2009 ஜூன் 1க்குப் பிறகு சேர்ந்த இடைநிலை ஆசிரியர்கள் சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு இன்னும் சென்னைக்கு ரயில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

கேரளத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது தவறு. எரிபொருள் வரியில் ஒரு பகுதி கிஃப்பி (கேரள உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியம்) நிதிக்குப் போகிறது. அந்த நிதியில் 5 கோடி, 3 கோடி, 1 கோடி என்று மூன்று வகையாக அரசுப் பள்ளிகளுக்குப் புதிய கட்டடங்கள் எழுந்தன. ஓடு ஒழுகிய வகுப்பறையில் குடைபிடித்துப் பாடம் நடத்திய தலைமுறைக்கு அதன் அருமை தெரியும். ஓய்வூதியமும் 2025 நவம்பர் முதல் 2,000 ரூபாய் ஆனது. வரி வாங்கிய அரசு அதை வீணடித்துவிட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. அதே 2025இல் செப்டம்பர் 22 முதல் நோட்டுப் புத்தகம், பென்சில், அழிப்பான், வரைபடத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்றானது. தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கும் 18 சதவீதம் நீங்கியது. ஆசிரியர் வீட்டுக்கு இது நல்ல செய்தி. ஆனால் மாநிலத்தின் வருவாயில் அந்த அளவுக்குத் துண்டு விழும். துண்டு விழுந்தால் மறுபடி கை எங்கே போகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

என்ன செய்யலாம்?

செஸ்ஸை ரத்து செய்யுங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. ஓய்வூதியத்துக்குப் பணம் வேண்டும். கேட்பது மூன்று. மதிய உணவுப் பணம் மாதம் பிறக்கும் முன் முன்பணமாகத் தலைமையாசிரியர் கணக்கில் இருக்க வேண்டும். பால், முட்டை, எரிவாயு விலை ஏறும்போது அந்தத் தொகையும் தானாக ஏற வேண்டும். அரசுப் பள்ளியும் உதவி பெறும் பள்ளியும் பிள்ளைகளுக்காக ஓட்டும் வண்டிக்கு, மாதம் எவ்வளவு டீசல் என்று கணக்கிட்டு, செஸ்ஸைத் திருப்பித் தர வேண்டும். 220 லிட்டருக்கு 440 ரூபாய். அரசுக்கு இது பெரிய தொகை அல்ல.

புதிய நிதிநிலை அறிக்கை வரும்போதெல்லாம் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் உள்ள பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரே, உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் முதலில் இந்த மூன்றையும் கேளுங்கள். தலைமையாசிரியரை அழைத்துச் செல்லும்போது, அந்தக் கணக்கு நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.